பயன்தரும் கல்வி: பேராசிரியர் பாலிகாவின் ஆய்வுப் பயணம்

மின்சார ரயில், மின்சாரக் கார், இன்வெர்ட்டர் ஏர்கான், மின்தூக்கி ஆகியவற்றின் மோட்டார்களுக்குத் தேவையான அளவில் மின்சாரத்தை வழங்கும் பணியைப் பெரும்பாலும் செய்வது 'ஐஜிபிடி' எனும் சிறு சில்லு. அதன் வரலாற்றில் முதன்மையான பெயர் பேராசிரியர் ஜயந்த் பாலிகா.

1948இல் சென்னையில் பிறந்தவர் அவர். தந்தையாரும் மின்பொறியாளர். 1969இல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். 1974இல் முனைவர் பட்டம் பெற்றதும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் இருவகைச் சில்லுகள் இருந்தன. ஒன்று அதிக மின்னோட்டத்தைத் தாங்கும். ஆனால் அதை இயக்கவே நிறைய மின்சாரம் செலவாகும். மற்றொன்றை எளிதில் இயக்கலாம். ஆனால் உயர் மின்னழுத்தத்தில் இழப்பு மிகும். இரண்டின் நற்குணங்களையும் ஒரே சில்லில் இணைக்கலாம் என்று 1980இல் அவர் நிறுவனத்திடம் முன்மொழிந்தார். இதே திசையில் வேறு சிலரும் முயன்றதுண்டு. ஆனால் இருக்கும் உற்பத்திக்கூடத்திலேயே அதைச் செய்து, பயன்பாட்டுக்குக் கொண்டுவர வழிகண்டது பாலிகாவின் சிறப்பு. சில்லின் வேகத்தைக் கூட்ட எலெக்ட்ரான் கதிர்வீச்சைப் பயன்படுத்தினார். அதனால் நேர்ந்த பழுதை வெப்பமூட்டிச் சரிசெய்தார்.

உலகின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியை மோட்டார்களே பயன்படுத்துகின்றன. எப்போதும் முழுவேகத்தில் ஓடிய மோட்டாரைத் தேவைக்கேற்ப ஓடச் செய்வதால் மிச்சமாகும் மின்சாரம் கொஞ்சமன்று.

1988இல் அவர் நிறுவனத்தை விட்டு, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். சிலிக்கனைவிடச் சிலிக்கன் கார்பைடு சிறந்து விளங்கும் என்று முன்னரே கணக்கிட்டுக் காட்டியிருந்தவர், மாணவர்களோடு அந்த ஆய்வைத் தொடர்ந்தார். இன்று பல மின்சாரக் கார்களில் அப்பொருளால் ஆன சில்லுகள் உள்ளன.

2011இல் அமெரிக்க அதிபர் கையால் தேசியப் பதக்கமும், 2024இல் பின்லாந்தின் பத்து லட்சம் யூரோ மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசும் பெற்றார். முன்மொழிவுக்கும் இப்பரிசுக்கும் இடையே 44 ஆண்டுகள்!

பயன்தரும் கல்வியை இறைவனிடம் வேண்டும்படி நமக்குக் கற்றுத்தந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பட்டம் பெற்றதும் சம்பளத்தை மட்டும் கணக்கிடும் இக்காலத்தில், நம் பிள்ளைகளில் சிலரேனும் நெடிய ஆய்வுப் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோரும் சமுதாயமும் பொறுமையோடு அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும். பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் அடுத்த ஐம்பதாண்டுகளுக்கு இதுவும் ஒரு பணியாகட்டும், இன்ஷா அல்லாஹ்.