ஜேம்ஸ் லாசன்: மெம்பிஸ் தூய்மைப் பணியாளர்களின் போதகர்

அமெரிக்க மெதடிஸ்ட் போதகர் ஜேம்ஸ் லாசன் (1928–2024), மார்ட்டின் லூதர் கிங்கின் தோழராகவே பெரிதும் அறியப்படுகிறார். தூய்மைப் பணியாளர்களுக்காக வழக்காடும் நமக்கோ, 1968-இல் மெம்பிஸ் நகரில் அவர் ஆற்றிய பணியே முதன்மையானது.

கொரியப் போர்க்காலத்தில் கட்டாய ராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்ற லாசன், பின்னர் திருச்சபை ஊழியராக நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றினார். காந்தியின் அறப்போர் முறையை அங்குப் பயின்றார். (அதே நகரில்தான் 1956 அக்டோபரில் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றார். லாசனின் நாகபுரி நாட்களை எழுதுவோர் இந்த மரபை ஏனோ மறந்துவிடுகின்றனர்.) நாடு திரும்பியபின் நாஷ்வில் மாணவர்களுக்குப் பயிற்சியளித்து, 1960-இல் உணவக உள்ளிருப்புப் போராட்டங்களை வழிநடத்தினார். அதற்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அதுவே அவரைப் பேராசிரியராக அழைத்தது.

1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸில், மழைக்குக் குப்பை வண்டிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இரு கறுப்பினப் பணியாளர்கள், குப்பையை அழுத்தும் இயந்திரம் திடீரென இயங்கியதால் நசுங்கி மாண்டனர். மணிக்கணக்குக் கூலிகள் என்பதால் அவர்தம் குடும்பங்களுக்குச் சட்டப்படியான இழப்பீடு கிடையாது; ஒரு மாத ஊதியமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் மட்டுமே தரப்பட்டன. "இறந்தவர் எங்கள் ஊழியர் அல்லர், ஒப்பந்ததாரரின் ஆள்" என்ற வாதத்தை இன்றும் நாம் நீதிமன்றங்களில் கேட்கிறோம்.

பிப்ரவரி 12 அன்று ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது சட்டவிரோதமென நகர மேயர் அறிவித்தார். நீதிமன்றமும் தடை விதித்தது. ஊர்வலத்தின்மீது காவல்துறை கண்ணெரிச்சல் மருந்தைப் பீய்ச்சியபின் போதகர்கள் அமைத்த போராட்டக் குழுவுக்கு லாசன் தலைவரானார். ஒரு மனிதரை மனிதராக ஏற்க மறுப்பதே இனவெறியின் உள்ளீடு என்று அவர் வாதிட்டார். "நான் மனிதன்" என்ற பதாகைகளைப் பணியாளர்கள் ஏந்தினர். கூலிக் கோரிக்கை மனிதத்தகுதிக் கோரிக்கையாக விரிந்தது இவ்வாறே.

கிங்கை மெம்பிஸுக்கு அழைத்தவரும் லாசனே. ஏப்ரல் 4 அன்று கிங் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல் மாநகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்று, ஊதிய உயர்வுக்கும் உடன்பட்டது.

1974 முதல் 1999 வரை லாஸ் ஏஞ்சலிஸ் ஹோல்மன் மெதடிஸ்ட் திருச்சபையில் போதகராக இருந்த லாசன், அங்கும் விடுதித் தொழிலாளர்களின் போராட்டங்களுக்குத் துணைநின்றார். மெம்பிஸ் போராளிகளுள் எஞ்சியிருந்தோருக்கு மாநகராட்சி தலா 50,000 டாலர் உதவித்தொகை அறிவித்தது 2017-இல்தான். அவர்களுள் சிலர் அப்போதும் பணியில் இருந்தனர்.