நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர் வாழ்வில் மிதிவண்டி: ஓய்வும் உரிமையும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குடியேற்றம், கூலி, கங்காணி முறை, தொழிற்சங்கம், தமிழ்க்கல்வி ஆகியவற்றையே மையமாகக் கொண்டு நிகழ்ந்துள்ளன. 1969-இல் வெளிவந்த கே.எஸ். சந்துவின் நூல் தொடங்கி இன்றுவரை இத்துறைகளில் நாம் பெற்றுள்ள அறிவு குறைவானதன்று. எனினும், தோட்டத் தொழிலாளர் வேலை முடிந்தபின் எங்குச் சென்றனர், எவரோடு சென்றனர், எதில் மகிழ்ந்தனர் என்னும் வினாக்களுக்கு நம் ஏடுகளில் கிடைக்கும் விடைகள் மிகச் சிலவே. அவர்தம் உழைப்பு நேரத்தின் வரலாறு எழுதப்பட்ட அளவிற்கு ஓய்வு நேரத்தின் வரலாறு எழுதப்படவில்லை.

அக்குறையின் ஒரு சிறு பகுதியை நிரப்பும் நோக்கில் இக்கட்டுரை நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் மிதிவண்டி பெற்ற இடத்தை ஆராய முற்படுகின்றது. இன்று ஞாயிறு காலைகளில் நகரத்தார் குழுக்களாக மிதிவண்டியில் உலா வருவதை நாம் காண்கின்றோம். அஃது அவர்களுக்குப் பொழுதுபோக்கு, உடற்பயிற்சி. ஆனால் தோட்டத் தமிழர் தம் விருப்பப்படி மிதிவண்டியில் அமர்ந்து செல்வது ஒரு காலத்தில் கேட்டுப் பெறவேண்டிய உரிமையாக இருந்தது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

சக்கரமும் கித்தாவும்

மிதிவண்டிக்கும் தோட்டத் தமிழருக்கும் உள்ள உறவு, தமிழர் மிதிவண்டியைக் கையாளத் தொடங்கியதற்கு முன்பே தோன்றிவிட்டது. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அதனைத் தொடர்ந்து 1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் பரவியது. இரப்பரின் தேவையும் உயர்ந்தது. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் மோட்டார் வண்டிகளின் வருகையால் 1909, 1910 ஆம் ஆண்டுகளில் இரப்பர் விலை பேரளவில் ஏறியது. மலாயாவின் மேற்குக்கரை முழுவதும் கித்தாக் காடுகளாக மாறியது. இத்தோட்டங்களில் பால் வெட்டவே தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர்.

டன்லப் பெயரைத் தாங்கிய நிறுவனமும் 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கியது. நெகிரி செம்பிலானில் பகாவ் வட்டாரத்திலுள்ள கெடிஸ் தோட்டம், அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் எரிக் கெடிஸின் பெயரைக் கொண்டதாகும். அங்குத் தமிழர் வெட்டிய பால் கடல் கடந்து டயராக உருமாறியது. அந்த டயர் பூட்டிய மிதிவண்டி மீண்டும் மலாயாவுக்கு விற்பனைப் பொருளாக வந்தபோது, பால் வெட்டியவர்க்கு அஃது எளிதில் எட்டாத பொருளாகவே இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் முதன்மையான தோட்டப் பகுதிகளில் நிலவிய நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. மாதம் 26 நாள் தவறாது வேலை செய்த ஆடவர் பெற்றது 13 வெள்ளியே. உணவுக்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் போக எஞ்சிய தொகையில் மிதிவண்டி வாங்குவதற்குப் பல மாதச் சேமிப்பு வேண்டியிருந்தது. எனவே தோட்டங்களில் முதலில் மிதிவண்டி வைத்திருந்தோர் கிராணி, கங்காணி, ஆசிரியர் போன்றோராகவே இருந்தனர் எனலாம்.

இறங்கி நடக்கும் வழக்கம்

சிறுகச் சிறுகச் சேமித்து மிதிவண்டி வாங்கிய தொழிலாளர்க்கு வேறொரு தடை காத்திருந்தது. எதிரே துரையோ தோட்ட அலுவலரோ வந்தால், தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும். அவர் கடந்து சென்ற பின்னரே மீண்டும் ஏறவேண்டும். எழுதப்பட்ட சட்டம் எதுவும் இதனைக் கோரவில்லை. எனினும் தோட்ட ஒழுங்கில் இது சட்டத்தைப் போன்றே நடப்பிலிருந்தது.

இவ்வழக்கத்தின் வேரைத் தோட்டத்திற்குள் மட்டும் தேடுதல் போதாது. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்க சாதியினரின் தெருவழியே மிதிவண்டியில் ஏறிச் செல்வது தடுக்கப்பட்டிருந்தது. செருப்பணிதல், குடை பிடித்தல், தோளில் துண்டிடுதல் போன்றவற்றிற்கு இருந்த தடைகளின் வரிசையில் மிதிவண்டியும் சேர்ந்துகொண்டது. மலாயாவுக்கு வந்த தொழிலாளருள் கணிசமானோர் அத்தகைய ஊர்களிலிருந்து வந்தவர்கள். கடல் கடந்து வந்த பின்னரும் அதே தாழ்ச்சி, சாதியின் பெயராலன்றிப் பதவியின் பெயரால் அவர்களைத் தொடர்ந்தது. அமர்ந்து செல்பவரின் தலை நடந்து வருபவரின் தலையைவிட உயர்ந்திருப்பதை அதிகாரம் எங்கும் விரும்பியதில்லை.

இத்தாழ்ச்சி வெளிப்படையான எதிர்ப்பாக உருப்பெற்றது 1941-இல் ஆகும். அவ்வாண்டு சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலை நிறுத்தம் மூண்டது. நெகிரி செம்பிலானும் சிலாங்கூரும் அடுத்தடுத்த மாநிலங்கள். இரண்டும் கூட்டு மலாய் மாநிலங்களின் ஆட்சியமைப்பிற்குள் இருந்தவை. தோட்ட நிருவாக முறையும் தொழிலாளர் நிலையும் இரு மாநிலங்களிலும் பெரிதும் ஒத்திருந்தன. ஆகவே கிள்ளானில் எழுந்த கோரிக்கைகளை நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் நிலைக்கும் சான்றாகக் கொள்வதில் தவறில்லை.

ஆர்.எச். நாதனின் தலைமையில் இயங்கிய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழி முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் நாம் கூர்ந்து நோக்கத்தக்கவை. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துசெல்லல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு மேலும் ஒன்றும் அப்பட்டியலில் இடம்பெற்றது. துரைமார் முன்னும் அலுவலர் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல இசைவு வேண்டும் என்பதே அது.

கூலியையும் மருத்துவத்தையும் கேட்ட அதே மூச்சில் மிதிவண்டியையும் கேட்டிருப்பது மேலோட்டமாக நோக்குவார்க்கு வியப்பளிக்கலாம். ஆனால் உறவினரைக் காணுதல், சங்கம் கூடுதல், மிதிவண்டியில் அமர்ந்து செல்லுதல் ஆகிய மூன்றும் ஒரே தேவையின் வெவ்வேறு வடிவங்களாகும். வேலை நேரத்திற்கு வெளியே தொழிலாளரின் உடலும் காலமும் அவர்க்கே உரியன என்பதே அத்தேவை. போராட்டம் அடக்குமுறையால் ஒடுக்கப்பட்டது. 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

போரும் அவசரகாலமும்

அடுத்த ஓராண்டிற்குள் மிதிவண்டி முற்றிலும் வேறொரு பொருளில் தோட்டப்புறத்திற்கு வந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் தரையிறங்கிய சப்பானியப் படையினருள் ஒரு பகுதியினர் மிதிவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்தனர். 70 நாளில் சிங்கப்பூர் வீழ்ந்தது. வழியெங்கும் பொதுமக்களின் மிதிவண்டிகள் பறிக்கப்பட்டன. மலாயாவின் நல்ல தார்ச் சாலைகளே அவ்விரைவிற்குப் பேருதவியாக அமைந்தன.

நெகிரி செம்பிலான் மண்ணிலேயே இதற்கோர் அழியாத சான்று உண்டு. 1942 சனவரி 14-ஆம் நாள் பிற்பகல், கிம்மாஸ் அருகிலுள்ள கெமெஞ்சே பாலத்தில் ஆத்திரேலியப் படையின் 2/30-ஆம் பட்டாளத்தினர் பதுங்கியிருந்தனர். மிதிவண்டிகளில் வந்த சப்பானிய வீரரைப் பெருந்தொகையாகப் பாலத்தைக் கடக்கவிட்டு, அதன்பின் பாலத்தைத் தகர்த்துத் தாக்கினர். இன்று அவ்விடத்தில் நினைவுச் சின்னமொன்று உள்ளது. அவ்வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு அப்போர் என்ன பொருள் தந்தது என்பதை அச்சின்னம் பேசுவதில்லை.

சப்பானியர் ஆட்சியில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் மிகப் பலர் மீளவில்லை. இரப்பர் விளையும் நாட்டிலேயே நல்ல டயரும் டியூபும் கிடைத்தற்கரியவாயின.

போர் முடிந்தபின் தொழிற்சங்க இயக்கம் புத்துயிர் பெற்றது. நெகிரி செம்பிலானில் தம் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளராக விளங்கினார். சங்கத்தின் வலிமை பெருகப் பெருக, துரைமுன் இறங்கி நிற்கும் வழக்கம் தன் பிடியை இழந்தது. ஆயினும் 1948 சூனில் அறிவிக்கப்பட்டு 1960 சூலை 31 வரை நீடித்த அவசரகாலம் வேறு வகையில் மிதிவண்டிப் பயணத்தைக் கட்டுப்படுத்தியது. லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கே சேர்க்கப்பட்டன. ஊரடங்கு விதிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிசப் போராளிகளுக்கு அரிசி சென்று சேராதிருக்க, வாயிலில் மிதிவண்டிகள் சோதிக்கப்பட்டன. அதன் குழாய்ச் சட்டமும் காற்றடிக்கும் பம்பும்கூட ஐயத்திற்குரியவாயின. மாலை வேளையில் வெளியே சென்று திரும்புதல் என்பது பல ஆண்டுகள் இயலாததாயிற்று.

கூடிச் செல்லும் பயணங்கள்

முள்வேலிகள் நீங்கிய 1960-களே தோட்டப்புற மிதிவண்டியின் செழிப்பான காலம் எனலாம். பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கும். பாலை நிறுத்துக் கொடுத்து முடிய நண்பகல் கடந்துவிடும். காலையில் பால் வாளியைச் சுமந்த அதே மிதிவண்டி, மாலையில் கழுவித் துடைக்கப்பட்டு வேறொரு பணிக்கு ஆயத்தமாகும். பின்னிருக்கையில் தம்பியோ தோழனோ அமர்வதுண்டு.

இப்பயணங்கள் பெரும்பாலும் தனிப்பயணங்களாக அமைந்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அதற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. கித்தாக் காட்டுச் சாலைகளில் விளக்கில்லை. டைனமோ விளக்குள்ள ஒருவர் முன்னே செல்ல, ஏனையோர் அவ்வெளிச்சத்தைப் பின்பற்றினர். பம்பும் ஒட்டுப்போடும் பொருள்களும் எல்லாரிடமும் இருந்ததில்லை. ஒருவர் டயர் பழுதானால் அனைவரும் நின்றனர். தேவையின் பொருட்டுத் தோன்றிய இக்கூட்டு முறை, நாளடைவில் அதுவே மகிழ்ச்சியாகவும் மாறியது. சென்றடையும் இடத்தைவிடப் பேசிச் சிரித்துச் செல்லும் வழியே பலர்க்கு நினைவில் நின்றது.

சென்ற இடங்கள் பலதரப்பட்டவை. சம்பள நாளுக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் பட்டணத்துத் திரையரங்கு முதன்மையானது. சிலியாவ், சுவா பெத்தோங் போன்ற தோட்டத்தார்க்குப் போர்ட்டிக்சன் கடற்கரை எட்டும் தொலைவில் இருந்தது. ரந்தாவ், லாபு வட்டாரத்தார் சிரம்பானையும், கெடிஸ், ஜெராம் பாடாங் தோட்டத்தார் பகாவ் பட்டணத்தையும் நாடினர். அண்டைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தீமிதி, காற்பந்தாட்டம் ஆகியவையும் இளைஞரைத் திரளாக ஈர்த்தன. மணிமன்றக் கூட்டங்களும் 1952 முதல் கொண்டாடப்பட்டுவந்த தமிழர் திருநாள் நிகழ்ச்சிகளும் மொழியுணர்வின் பொருட்டு அவர்களை ஒன்றுகூட்டின. பட்டணத்திலிருந்து திரும்பும் மிதிவண்டியில் தமிழ் நாளிதழும் வந்து சேர்ந்தது.

இவற்றின் சமூக விளைவு சிறிதன்று. ஒவ்வொரு தோட்டமும் தனித்தீவாக இருப்பதே நிருவாகத்திற்கு வசதியாக இருந்தது. கடை, கோயில், பள்ளி, கள்ளுக்கடை யாவும் தோட்ட எல்லைக்குள்ளேயே அமைக்கப்பட்டன. மிதிவண்டி அவ்வெல்லையைத் தளர்த்தியது. ஒரு தோட்டத்தின் செய்தி மறு தோட்டத்திற்கு எட்டியது. நட்பும் மண உறவும் எல்லை தாண்டின.

எனினும் இம்மகிழ்ச்சியில் பெண்களின் பங்கு குறுகியதாகவே இருந்தது. ஆடவரோடு சமமாகப் பால் வெட்டிய பெண்கள், வேலை முடிந்தபின் சமையலுக்கும் பிள்ளை வளர்ப்பிற்கும் திரும்பினர். மிதிவண்டி அவர்க்குப் பெரும்பாலும் பின்னிருக்கைப் பயணமாகவே வாய்த்தது. இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்வொன்று தமிழகத்தில் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் ஊரகப் பெண்களுக்குக் கற்பித்தது. பல்லாயிரம் பெண்கள் அதனைக் கற்றனர். இறங்காமல் செல்லும் உரிமையைக் கோருவதற்கு முன் ஏறுவதற்கான உரிமையும் வேண்டும் என்பதை அந்நிகழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

இன்றைய சாலைகள்

1970-களிலும் 1980-களிலும் மோட்டார் சைக்கிள் மிதிவண்டியின் இடத்தைப் பிடித்தது. கித்தாவின் இடத்தைச் செம்பனை பிடித்தது. பின்னர்த் தோட்டங்களே நகரியங்களாயின. நீலாய், சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் போன்ற இன்றைய குடியிருப்புப் பகுதிகள் பெரும்பாலும் முன்னாளைய தோட்ட நிலத்தில் எழுந்தவை. அங்கு வாழ்ந்த தமிழர் பலர் பட்டணத்து மலிவு வீடுகளுக்குச் சென்றனர்.

இதே காலத்தில் மிதிவண்டி வேறொரு தோற்றத்தில் திரும்பி வந்துள்ளது. வார இறுதிக் காலைகளில் கெந்திங் பெராஸ், புக்கிட் தங்கா, புக்கிட் பூத்துஸ் ஆகிய மலைச்சாலைகளிலும் மந்தின், லெங்கெங் வட்டாரங்களிலும் பல இனத்தார் கலந்த குழுக்கள் மிதிவண்டியில் செல்லக் காண்கின்றோம். முன்னே செல்பவரின் விளக்கைப் பின்தொடர்தல், ஒருவர்க்குப் பழுது நேர்ந்தால் அனைவரும் நிற்றல் ஆகிய பழைய ஒழுங்குகளே இவர்களிடமும் உள்ளன. ஆனால் தாம் கடந்து செல்லும் செம்பனை நிரைகளுக்கிடையே ஒரு காலத்தில் லயமும் கோயிலும் இருந்தன என்பதை இவர்களுள் பலர் அறியார். அதனை அவர்க்குச் சொல்லும் ஏடும் நம்மிடம் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தோட்டத் தமிழரின் ஓய்வு வரலாறு அவர்தம் உரிமை வரலாற்றிலிருந்து பிரிக்கவியலாதது என்பது பெறப்படும். 1941-இல் கிள்ளான் தொழிலாளர் மிதிவண்டி பற்றி எழுப்பிய கோரிக்கையைச் சிறியதெனக் கருதிக் கடந்து செல்வோமாயின், அவர்கள் வேண்டிய மதிப்பின் முழு அளவை நாம் உணராதவர்களாவோம்.

இவ்வாய்வைத் தொடரும் பொறுப்பில் தமிழாசிரியர்க்குச் சிறப்பான பங்குண்டு. தோட்டங்கள் மறைந்த பின்னும் லின்சம், கொம்போக், கெடிஸ் போன்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளின் மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் முதல் மிதிவண்டி எப்போது, எவ்வாறு வாங்கப்பட்டது, அதில் எங்குச் சென்றனர், எவர் முன் இறங்க நேர்ந்தது என்று கேட்டு எழுதுவது எளிய கட்டுரைப் பயிற்சியாகும். பரணில் கிடக்கும் உரிமத் தகடும், மிதிவண்டியோடு நின்று எடுத்த நிழற்படமும் வரலாற்றுச் சான்றுகளே. 1960-களில் இளைஞராக இருந்தோர் இன்று எண்பதை நெருங்கியுள்ளனர் அல்லது கடந்துள்ளனர். அவர்களிடம் கேட்டறிய நமக்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது. அப்பணியை இவ்வாண்டே தொடங்குதல் நலம்.