தோட்ட வரைபடமும் இடவிதிகளும்

அற்றன் வழியே நுவரெலியா செல்வோர் தேயிலை மலைகளின் ஒழுங்கினை இயற்கையழகென வியப்பர். அவ்வொழுங்கு இயற்கையன்று, கயிறும் முளைக்குச்சியும் கொண்டு மனிதர் வகுத்தது. எப்பொருள் எவ்விடத்தில் அமைதல் வேண்டும் என்னும் விதிகள் பெருந்தோட்டத்தில் எவ்வாறு உருப்பெற்றன, அவை யார் நலங் கருதின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1840ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் காடுகளை முடிக்குரிய நிலங்களாகக் கொள்ள வழிவகுத்தது, கோப்பி மலையேறியது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பேணல் வேண்டும் என்னும் விதி, தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஒட்டி 1873இல் எழுந்தது. இதற்கிடையில் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கலாயிற்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலை அதனிடத்தைப் பெற்றது. 1884இல் அற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்த புகையிரதப் பாதை அதன் பரம்பலுக்குத் துணைநின்றது.

தொடக்கத்தில் நிரைகள் சரிவினைப் பொருட்படுத்தாது நேர்கோட்டில் அமைந்தன. புல்லின்றிக் களையெடுக்கப்பட்ட மலைகளில் மழைநீர் மேல்மண்ணை வாரிச்சென்றது. இவ்விழப்பே விதியை மாற்றியது. நிரைகள் சமவுயரக் கோட்டினைத் தழுவின; நீரைத் தேக்கி மண்ணைப் படியவைக்கும் கான்கள் வெட்டப்பட்டன. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலிருந்து இவற்றை நெறிப்படுத்தியது. 1951இல் மண்பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. நிரைக்கு நிரை 4 அடி, செடிக்குச் செடி 2 அடி என்னும் அளவின்படி ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 5,400 செடிகள் நிற்கலாம்.

செடிக்கு இத்துணை நுண்ணிய விதி கண்டவர்கள் மனிதனுக்கு எவ்விதி கண்டனர்? துரையின் பங்களா காட்சி விரியும் மேட்டில் எழுந்தது. ஸ்டோர் நீரும் பாதையும் வாய்த்த இடத்தில் நின்றது. லயங்களோ வேலைத்தலத்துக்கு அண்மை, நிலச்சிக்கனம் என்னும் இரண்டையே அளவுகோலாகக் கொண்டன. பொதுவாக 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் ஒடுங்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறியும் லயங்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றன.

இதன் விளைவை 2014 ஒக்டோபர் 29 உணர்த்தியது. அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைந்த மண்சரிவு அபாய வரைபடங்களும் இருந்தன. ஆகவே, குறைபாடு அறிவில் அன்று. அறிந்ததை மனிதரின் இருப்பிடத்துக்குப் பயன்படுத்தாமையிலேயே உளது.

அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் எழுகின்றன. அவற்றுக்கான இடந்தேர்வில் சரிவும் நீரோட்டமும் முதலிற் கணிக்கப்படல் வேண்டும். மண்ணைக் காக்க நிரையைத் திருப்பி அமைத்த மலையகம், அம்மண்ணில் உழைப்போரைக் காக்கவும் தன் வரைபடத்தைத் திருத்துதல் கூடும், திருத்துதல் கடனுமாம்.