112 அடி மனுவும் ஒரு பத்தித் தீர்மானமும்

செம்பரம்பாக்கத்தில் இருந்து ஒரகடம் வரைக்கும் சாலைக்குப் பஞ்சமே கிடையாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் திரும்ப இடமில்லாமல் திணறும். இவ்வளவு சாலைக்கு நடுவில் குடியிருக்கும் எனக்கு, சாலையில் யார் யார் நடக்கலாம் என்று சென்னையில் ஒரு சட்டசபை விவாதித்த கதையைப் படித்தபோது முதலில் நம்பச் சிரமமாகத்தான் இருந்தது. 1924இல் நடந்தது அது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம்ம பக்கத்து ஆள். பழைய செங்கல்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகா, கோழியாளம் கிராமம். பெயர் இரட்டைமலை சீனிவாசன்.

பாடப்புத்தகத்தில் அவர் பெயர் ஒரு வரியில் வரும். வட்டமேசை மாநாடு, அம்பேத்கரோடு போனவர், அவ்வளவுதான். தபால்தலைகூட 2000இல்தான் வந்தது. ஆனால் அவர் வாழ்க்கையின் நீளத்தைப் பாருங்கள். 1860ஐ ஒட்டிப் பிறந்து 1945 செப்டம்பரில் இறந்தவர். காங்கிரஸ் தொடங்குவதற்கு முன்பே இளைஞராக இருந்தவர், சுதந்திரம் வருவதற்கு 2 வருஷம் முன்புவரை உயிரோடு இருந்தார். இடையில் 20 வருஷம் ஆப்பிரிக்கா.

அவருடைய சுயசரிதை 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று வந்தது. பெயருக்கேற்ற சுருக்கம். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதுகிறார். சுமார் 400 மாணவர்களில் 10 பேரைத் தவிர எல்லோரும் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் சேர்ந்து விளையாட மாட்டார். பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். சாயங்காலம் மற்ற பையன்கள் எட்டிப்பிடிக்க முடியாதபடி வேகவேகமாக வீட்டுக்கு நடப்பார். பின்னாளில் சட்டசபையில் என்ன பேசினாலும், இப்படித் தெருவில் வேகமாக நடந்த பையன்தான் என் கண்ணுக்கு முதலில் தெரிகிறான்.

நீலகிரியில் ஐரோப்பிய கம்பெனிகளில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு 1890இல் சென்னைக்கு வந்தார். அயோத்திதாசர் அவருக்குத் தங்கை வீட்டுக்காரர் முறை. இரண்டு பேரும் ஒரே காலத்தில் ஒரே மக்களுக்காக வேலை செய்தார்கள், ஆனால் ஒரே பாதையில் இல்லை. அயோத்திதாசர் பூர்வ பௌத்தம் என்று வரலாற்றுக்குள் போனார். சீனிவாசன் 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்த வார்த்தையால் ஒதுக்குகிறார்களோ அந்த வார்த்தையைத் தலைப்பில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்பது என்ற முடிவு. 1893இல் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அதே வருஷ டிசம்பரில் அவர் செய்த காரியம் இன்றைக்கும் பலருக்குச் சங்கடம் தருகிறது. ஐசிஎஸ் தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது காங்கிரஸின் கோரிக்கை. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் பொதுச்சபையும் அந்த வருஷம் ஜூனில் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டுவிட்டது. சீனிவாசன் வெஸ்லி மிஷன் கல்லூரியில் கூட்டம் போட்டு, வேண்டாம் என்று மனு எழுதினார். 3412 கையெழுத்து. மனுவின் நீளம் 112 அடி. அதை ஜெனரல் செஸ்னி மூலமாகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்.

இதைப் படித்ததும் 'அப்போ இவர் வெள்ளைக்காரன் ஆளா?' என்று கேட்பவர்களுக்கு நான் அந்தக் கோயம்புத்தூர் கணக்கைத்தான் காட்டுவேன். 400இல் 10 போக மிச்சம் யார்? இங்கே தேர்வு வைத்தால் தாசில்தார் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவரின் அண்ணன் கலெக்டர் கச்சேரியில் உட்காருவார். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்கள் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை வந்து அப்போது 2 வருஷம்தான் ஆகியிருந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அந்த அறிக்கைக்குப் பிறகு 1892இல் வந்த உத்தரவில் இருந்து தொடங்குகிறது. தூரத்து ஆட்சியாளனா, பக்கத்து வீட்டு ஆட்சியாளனா என்ற கேள்வியில் அவர் தூரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதைத் தேசத்துரோகம் என்று சொல்வது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. பாராளுமன்றத் தீர்மானமோ, இந்த மனுவால் மட்டும் என்று சொல்ல முடியாது, நடைமுறைக்கு வராமலே போனது. ஒரு சபை தீர்மானம் போட்டுவிட்டால் மட்டும் எதுவும் நடந்துவிடாது.

பிறகு இங்கிலாந்துக்கே நேரில் போய்ப் பேசலாம் என்று கிளம்பி, ஆப்பிரிக்காவில் தங்கிவிட்டார். நேட்டாலில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் வேலை. காந்தியை அங்கே தெரியும், காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் என்றும் சொல்வதுண்டு. 1920களின் தொடக்கத்தில் திரும்பியபோது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. நாட்டில் எல்லாம் மாறியிருந்தது. 1919 சட்டத்தின்படி மாகாணச் சட்டசபை வந்து, நீதிக்கட்சி ஆட்சியில் இருந்தது. எம்.சி. ராஜா உள்ளே போய், பறையர், பஞ்சமர் என்ற சொற்களைக் கைவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என 1922இல் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார். 'பறையன்' நடத்தியவர் திரும்பி வந்து பார்த்த நாட்டில் அந்தச் சொல்லையே அரசு கைவிட்டிருந்தது.

1923இல் சீனிவாசன் சட்டசபை உறுப்பினர் ஆனார். ஓட்டு வாங்கி அல்ல, நியமனம். அந்தச் சபையில் 98 இடங்களுக்குத் தேர்தல் உண்டு. ஆனால் ஓட்டு என்பது வரி கட்டுகிறவனுக்கு, சொத்து உள்ளவனுக்கு. சேரியில் யாருக்கு அது இருந்தது? அதனால் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குக் கவர்னர் பார்த்து நியமிக்கிற சில நாற்காலிகள்தான் வழி. நியமன உறுப்பினருக்குத் தொகுதி இல்லை, கட்சிக் கொறடா இல்லை, மந்திரியை மிரட்ட எண்ணிக்கை இல்லை. அவரிடம் இருப்பது எழுந்து நின்று பேசுகிற உரிமை மட்டும்.

அந்த உரிமையை வைத்து அவர் கேட்டது இதுதான். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்தச் சாதிக்காரரும் நடப்பதற்குத் தடை இருக்கக் கூடாது. அரசு அலுவலகம், பொதுக் கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எல்லாவற்றிலும் சாதி இந்துக்களுக்கு உள்ள அதே உரிமை ஒடுக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. 1924 ஆகஸ்டில் சபை ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் அரசாணை, 1925 பிப்ரவரியில் அரசிதழ். அன்றைக்கு 112 அடி தேவைப்பட்டது, இப்போது ஒரு பத்தி போதுமானதாக இருந்தது.

அந்த வருஷத்தைக் கவனியுங்கள். 1924 மார்ச் 30இல் வைக்கம் போராட்டம் தொடங்கியிருந்தது. திருவிதாங்கூரில் ஒரு கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக ஆட்கள் ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், பெரியார் உட்பட. அங்கே தெருவில் நின்று கேட்டதை, இங்கே ஒரு முதியவர் சபைக்குள் காகிதத்தில் வாங்கிவிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காகிதம் எவ்வளவு தூரம் நடக்கும் என்பது சில வாரங்களிலேயே தெரிந்தது. பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே கல்பாத்தி அக்ரஹாரத் தெருக்களில், நவம்பர் தேர்த் திருவிழாவின்போது, இந்த ஆணையை நம்பி ஈழவர்கள் நுழைந்தார்கள். அடிதான் கிடைத்தது. எதிர்த்தரப்பின் வாதம் சாமர்த்தியமானது: தீர்மானம் பொதுத்தெருவைப் பற்றியது, இது பொதுத்தெருவே அல்ல, எங்கள் தெரு.

எனக்கு மொத்தக் கதையிலும் முக்கியமான இடம் இதுதான். தீர்மானத்தை யாரும் நேரடியாக எதிர்க்க வேண்டியதில்லை. 'பொது' என்ற ஒரு சொல்லுக்கு வேறு அர்த்தம் சொன்னால் போதும். பம்பாயிலும் இதே கதை. அங்கே எஸ்.கே. போலே 1923இலேயே பொது நீர்நிலைகளைத் திறந்துவிடத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். மகாட் ஊரில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் கையில் அள்ளிக் குடிக்க 1927 மார்ச் வரை ஆனது. குடித்தவர்கள் அங்கேயும் தாக்கப்பட்டார்கள். ஆனால் போலே தீர்மானம் இல்லாமல் மகாடுக்குப் போயிருந்தால், அது சட்டப்படி உள்ள உரிமையை எடுத்துக்கொள்வதாக இருந்திருக்காது, அத்துமீறலாக எழுதப்பட்டிருக்கும். சீனிவாசன் செய்ததற்கு நான் கொடுக்கிற மதிப்பும் அதுதான். அடி வாங்கியவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்போது கையில் ஒரு காகிதம் இருந்தது. கம்மிதான். அதற்கு முன்னால் அதுவும் இல்லை.

பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள். லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரோடு. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்து. 1935இல் அம்பேத்கர் மதம் மாறப்போவதாக அறிவித்தபோது மட்டும் ஒத்துப்போகவில்லை. நாம்தான் வர்ணத்துக்கு வெளியே இருக்கிறோமே, இல்லாத வீட்டை விட்டு எப்படி வெளியேறுவது என்ற தோரணையில் இருந்தது அவர் நிலைப்பாடு. தர்க்கம் கச்சிதம். தர்க்கம் மட்டும் போதுமா என்பது வேறு விஷயம். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் என்று ஒரு பட்டியல் வருகிறது. 1924 தீர்மானத்தைப் படித்துவிட்டு அதைப் படித்தால் பழகிய குரல் மாதிரி இருக்கும்.

என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற தம்பியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ரோட்ல நடக்கறதுக்குத் தீர்மானமா அண்ணா? ரோடு எதுக்கு இருக்கு?" என்று சிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது அவனே அவன் தாத்தாவிடம் கேட்டான். அவர் சிரிக்கவில்லை.

"பெரிய தெருவுல செருப்பக் கையில எடுத்துக்கினுதான் போவோம். சைக்கிள்னா எறங்கித் தள்ளணும். எனக்குக் கல்யாணம் ஆவறவரைக்கும் அப்டித்தான்."

"இப்ப போறோமே தாத்தா?"

"எங்க போறோம்? கம்பெனிங்க வந்தப்ப ஊர சுத்தி இந்த ரோடு போட்டாங்க. பஸ்ஸு காலனி வாசல்லயே நிக்குது. பெரிய தெருப்பக்கம் போற வேலையே இல்ல."

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். வருஷக்கணக்காக வேலைக்குப் போகிறான், அந்தத் தெரு வழியாக ஒருதரம்கூட பைக் ஓட்டியதில்லை என்று அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.