கறுப்புப் பூஞ்சை மருந்து பிறந்த கதை

2020 மார்ச் கடைசியில் மைசூருப் பக்கத்து நஞ்சன்கூட்டின் பெயரைக் கர்நாடகமே அச்சத்தோடு சொன்னது. அங்குள்ள ஜூபிலண்ட் மருந்து ஆலையில் வேலை பார்த்த ஒருவருக்குக் கொரோனா. சில வாரங்களில் சக ஊழியர்கள், அவர்களுடைய குடும்பத்தார் என எழுபது பேருக்கு மேல் தொற்றிவிட்டது. அதே ஊருக்குக் கண்ணைப் பற்றிய பழங்கதை ஒன்றும் உண்டு. தன் யானைக்குப் பார்வை திரும்பிய மகிழ்ச்சியில் திப்பு சுல்தான் அந்த ஊர்ச் சாமியை ‘ஹகீம் நஞ்சுண்டா’ என்று அழைத்து மரகத லிங்கம் தந்தார் என்பார்கள். ஹகீம் என்றால் வைத்தியர். கண்ணுக்காக வேண்டிக்கொள்ள அப்படியொரு சாமி இருக்கும் மைசூருப் பக்கத்திலும், அடுத்த ஆண்டு கொரோனா பலருடைய கண்ணைக் குறிவைத்தது.

முதல் அலையில் எல்லோருக்கும் நுரையீரல் பற்றித்தான் கவலை. ஆனால் இந்தக் கிருமி ரத்தத்தை உறையவைத்தது, பக்கவாதத்தைக் கொண்டுவந்தது, மோப்பத்தைப் பறித்தது, குணமான குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்துப் பல உறுப்புகளில் அழற்சியை உண்டாக்கியது. இவற்றிலெல்லாம் கொடியதாக இந்தியா கண்டது மியூகோர்மைகோசிஸ் என்னும் கறுப்புப் பூஞ்சை நோய்.

2021 மே மாதம். கொரோனா தேறி வீடு திரும்பியவர்களுக்கு ஒரு பக்கக் கன்னம் வலித்தது, மூக்கடைத்தது, கண் வீங்கியது. இந்தப் பூஞ்சை மண்ணிலும் அழுகிய பழத்திலும் எப்போதும் இருப்பதுதான். சர்க்கரை ஏறி, ஸ்டீராய்டால் எதிர்ப்புச் சக்தி குன்றிய உடம்பில் அது ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். மூளைக்குப் பரவாமல் தடுக்கக் கண்ணையே எடுக்கவேண்டி வந்தது பலருக்கு. அந்த ஜூலைக்குள் நாட்டில் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 4,300 பேருக்கு மேல் இறந்தார்கள். கர்நாடக அரசு சிகிச்சைக்கென ஒதுக்கிய மையங்களில் மைசூரு மருத்துவக் கல்லூரியும் ஒன்று. அங்கும் எங்கும் எல்லோரும் தேடி அலைந்த மருந்தின் பெயர் லிபோசோமல் ஆம்போடெரிசின் பி.

அதிலுள்ள ஆம்போடெரிசின் பிறந்தது தென்னமெரிக்க மண்ணில். வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பக்கம் எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, 1950களின் நடுவில், ஸ்குவிப் நிறுவன ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். பூஞ்சையின் செல்சுவரை ஒட்டியுள்ள சவ்வில் எர்கோஸ்டெரால் என்றொரு கொழுப்பு உண்டு. மருந்து அதைப் பற்றிக்கொண்டு சவ்வைக் குலைத்துவிடும். நம் செல்களில் இருக்கும் கொலஸ்ட்ரால் அந்தக் கொழுப்புக்கு நெருங்கிய உறவு என்பதால் அடி நம் மேலும் விழுந்தது. மருந்து ஏறும்போதே குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். சிறுநீரகம் பழுதாகும். உயிரைக் காக்கும் மருந்தைப் பாதியில் நிறுத்தவேண்டிய நிலை மருத்துவர்களுக்கு வந்தது.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாப்ரஹாமில் அலெக் பாங்கம், பாஸ்போலிப்பிடு கொழுப்பைத் தண்ணீரில் கலந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே நுண்ணிய குமிழிகளாகச் சுருண்டிருந்தது. அதுதான் லிபோசோம். அந்தக் குமிழியில் ஆம்போடெரிசினைப் பொதிந்து கொடுத்தால் சிறுநீரகத்துக்குச் சேதம் குறைகிறது என்பதை 1980களில் ஹூஸ்டனில் காப்ரியேல் லோபஸ்-பெரஸ்டைன் குழுவினர் நோயாளிகளிடம் கண்டார்கள்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. நம்மவர்கள் அதைப் பேசாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் பிமல் குமார் பச்சாவத், பின்னாளில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இந்த லிபோசோம் மருந்துக்காக உழைத்தார். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நீலிமா க்ஷீர்சாகர் அதை நோயாளிகளிடம் சோதித்து வளர்த்தெடுத்தார். வெளிநாட்டு விலைக்கு நம் ஏழை நோயாளி எங்கே போவார் என்ற கேள்விக்கு, இங்கேயே செய்வோம் என்பதுதான் இருவரும் சொன்ன பதில்.

அப்படியும் 2021இல் மருந்து போதவில்லை. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பி ஆறு. அதுவும் வாரக்கணக்கில். அபூர்வ நோய்க்கென்று கொஞ்சமாகத் தயாராகி வந்த மருந்து ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தேவைப்பட்டது. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. குடும்பங்கள் கடை கடையாக ஏறி இறங்கின.

இத்தனைக்கும் நோயின் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. ஆக்ஸிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு காட்டியது. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகம் போனால் பத்து நாள். ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதில் பலனில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. இங்கே லேசான காய்ச்சலுக்கும் அது கடையில் கைமாறியது.

ஆகவே, வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவரே எழுதிக் கொடுத்தாலும், அதைச் சாப்பிடும் நாட்களில் சர்க்கரையைத் தவறாமல் பாருங்கள். ஒரு பக்க முகவலி, மூக்கில் கறுத்த சளி, கண் வீக்கம், இரட்டைப் பார்வை இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.