புழுங்கல் அரிசியும் பெரிபெரியும்

அரிசி வெள்ளையாக இருந்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் ஆசியா முழுவதும் உண்டு. உரலில் குத்திய காலத்தில் என்னதான் குத்தினாலும் கொஞ்சம் தவிடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரங்கூன், பாங்காக், சைகோன் போன்ற துறைமுகங்களில் நீராவி ஆலைகள் வந்தபிறகு நிலைமை மாறியது. பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசி மலிவாக, மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. சிறை, ராணுவம், சுரங்கம் என்று கூட்டமாகச் சமைக்கும் இடங்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. கூடவே பெரிபெரி நோயும் பெருகியது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும்.

அது கிருமிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம். அதனால் எல்லோரும் இதற்கும் ஒரு கிருமியைத் தேடினார்கள். டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மானும் படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அதைத்தான் தேடினார். 1889இல் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனது. சில மாதங்களில் தானாகவே சரியானது. விசாரித்தால், இடைப்பட்ட மாதங்களில் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது. பிறகு வந்த புதிய சமையல்காரர், ராணுவச் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டாராம்! கோழிகள் பிழைத்தன. அடுத்து ஜாவா சிறைகளில் அடால்ஃப் வோர்டர்மன் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் நோய். தவிடு நீக்காத அரிசி போட்ட சிறைகளில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர்.

இதைவிடத் தெளிவான சான்று மலாயாவில் கிடைத்தது. அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் ஏராளமாக இறந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அபூர்வம். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இரு தரப்பாரின் சாப்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. பழகாதவர்களுக்கு அதன் வாடையே பிடிக்காது. வீட்டிலேயே நெல் குத்திச் சாப்பிட்ட மலாய்க் கிராமத்தாரையும் நோய் அதிகம் அண்டவில்லை.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணுக்கு ஓர் அரிசி, இரட்டைப்படை எண்ணுக்கு இன்னோர் அரிசி என்று பிரித்தார். இடத்தில் ஏதும் கோளாறு இருக்குமோ என்று நடுவில் இரண்டு கூட்டத்தையும் கட்டடம் மாற்றி வைத்தார். ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசிக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. சோதனை என்ற வகையில் அருமையானதுதான். ஆனால் தங்கள் தட்டில் என்ன விழுகிறது என்று அந்தப் பதினெட்டுப் பேருக்கும் யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றுதான் எய்க்மானும் பிராடனும் நினைத்தார்கள். நஞ்சு அல்ல, ஏதோ ஒன்று குறைகிறது என்று 1901இல் சொன்னவர் கெரிட் கிரைன்ஸ். அது தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள தயமின், அதாவது வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். ஆக, புழுங்கல் அரிசி முழுத் தானியம் இல்லைதான். ஆனால் முழுத் தானியத்தின் முக்கியமான சத்து ஒன்று அதில் மிஞ்சுகிறது.

1910இல் மணிலாவில் கூடிய மருத்துவர்கள் தீட்டாத அரிசிக்கு மாறும்படி பரிந்துரைத்தார்கள். பிலிப்பைன்ஸ் படையில் அப்படியே மாற்றினார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்த நோய் ஒன்றிரண்டு ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. சிப்பாய்க்கு உத்தரவு போட்டால் போதும். சந்தையில் அரிசி வாங்குகிறவருக்கு யார் உத்தரவு போடுவது? தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கடித்துப் போகும், வண்டு பிடிக்கும். வியாபாரிக்கு அது நஷ்டம். வாங்குபவருக்கோ அது ஏழையின் அரிசி.

அந்நாளில் மணிலாவில் தவிட்டுச் சாற்றை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ராபர்ட் வில்லியம்ஸ். பிறந்தது நம் பக்கத்து நெல்லூரில்! 1936இல் தயமினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர் அவர்தான். 1948இல் பிலிப்பைன்ஸின் படான் மாகாணத்தில் பெரிபெரியை ஒழிக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. அங்கே மக்களைத் தவிட்டரிசிக்கு மாற்றப் பார்க்கவில்லை. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியிலேயே, தயாரித்த தயமினைத் தடவிய அரிசிமணிகளைக் கலந்து விற்றார்கள்.