நெருஞ்சியும் சூரியகாந்தியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோரக் கிராமமாகிய ஆலங்குடா, சூரியகாந்தி பெருமளவில் விளையும் நிலமன்று. தென்னையும் வெங்காயமும் மிளகாயும் விளையும் மணற்பூமி அது. எனினும் ஞாயிற்றை நோக்கும் மலரின் வரலாற்றை ஆராயப் புகும் நாம் இக்கிராமத்தை முன்னிறுத்தியே தொடங்குகின்றோம். பயிரின் வரலாறு விளைவித்தோரின் வரலாற்றினின்றும் பிரிக்கக்கூடியதன்று என்பதே நமது கருத்தாகும்.

சூரியகாந்தி தமிழ்நிலத்துக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. சங்கச் சான்றோர் அறிந்திருந்த, ஞாயிறு நோக்கும் மலர் நெருஞ்சியாகும். வறண்ட மணற்பாங்கில் நிலத்தோடு படரும் முட்பூண்டு அது. புறநானூற்றின் 155ஆம் பாடலில் மோசிகீரனார் கொண்கானங்கிழானைப் பாடுகின்றார். பாழூரில் மலர்ந்த நெருஞ்சிப்பூ எழுகதிரை எதிர்கொள்வதுபோல், வறுமையுற்ற புலவரின் உண்கலங்கள் அவன் மார்பை நோக்கி மலர்ந்தன என்பது அவர் காட்டும் உவமை. இதனை இயற்கை வருணனை என்று மட்டும் கொள்ளுதல் போதாது. கொடுப்போனை நோக்கியே வாழவேண்டியிருந்த ஒரு பிரிவினரின் சார்புநிலை இவ்வுவமையிற் பதிவாகியுள்ளது. பூ மலர்ந்த இடம் பாழூர் என்பதும் நம் கவனத்துக்குரியது.

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்காவாகும். அதன் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த பழங்குடி மக்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைப் பயிராக்கினர் என்பதற்குத் தெனிசியில் கிடைத்த வித்துக்கள் சான்றாகும். பல கிளைகளில் சிறு பூக்கள் பூத்த காட்டுச் செடி, தலைமுறை தலைமுறையாக வித்துத் தேர்ந்த உழைப்பினால், ஒரே தண்டில் பெருந்தலை தாங்கும் பயிராயிற்று. அம்மக்கள் வித்தை மாவாக்கி உண்டனர், எண்ணெய் எடுத்தனர், சாயமும் மருந்தும் செய்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுசென்ற வித்து ஐரோப்பியத் தோட்டங்களில் அலங்காரச் செடியாயிற்று. 1830இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டமோ மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த பழங்குடியினரை அவர்தம் நிலங்களினின்றும் அகற்ற வழிசெய்தது. பயிரைத் தந்தோரின் வழித்தோன்றல்கள் நிலத்தை இழந்தனர்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1829இல், உருசியாவின் அலெக்சேயெவ்காவில் போக்கரியோவ் என்பவர் கைச்செக்கில் சூரியகாந்தி வித்தை ஆட்டி எண்ணெய் எடுத்தார். அவர் செரமேத்தெவ் பிரபுவின் பண்ணையடிமை. சில ஆண்டுகளில் அங்கு எண்ணெய் ஆலை எழுந்தது; அலங்காரச் செடி சந்தைப் பண்டமாயிற்று. சோவியத் காலத்தில் புஸ்தவோய்த் நடத்திய நெடிய இனத்தேர்வு ஆய்வுகளால், வித்தில் மூன்றிலொரு பங்களவாயிருந்த எண்ணெய் ஏறத்தாழ அரைப்பங்காக உயர்ந்தது. அவ்வினங்களே 1969இல் இந்தியாவுக்கு வந்து அங்கு எண்ணெய்ப் பயிராகப் பரவின. எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கு கால்நடைத் தீவனமாகின்றது.

இம்மலர் எந்நாளும் ஞாயிற்றோடு திரும்புகின்றது என்பது பொதுநம்பிக்கை. உண்மை அதுவன்று. வளரும் இளஞ்செடியே பகலில் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பி, இரவில் மீண்டும் கிழக்கு நோக்குகின்றது. தண்டின் இரு பக்கங்களும் வேறுவேறு பொழுதில் மிகுதியாக வளர்வதே இதன் காரணமென 2016இல் கலிபோர்னிய ஆய்வாளர் விளக்கினர். முதிர்ந்த மலர் கிழக்கு நோக்கி நின்றுவிடுகின்றது. காலை வெயிலில் விரைந்து சூடேறுவதால் தேனீக்கள் அதனை மிகுதியாக நாடுகின்றன. மேலும், ஒரு பூவெனத் தோன்றுவது நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் தொகுதியே. விளிம்பிலுள்ள மஞ்சட் பூக்கள் மலடானவை. வித்துத் தருவன உள்ளிருக்கும் சிறுபூக்கள்.

இனி ஆலங்குடாவுக்கு வருவோம். தென்னை வளரும் இம்மண்ணும் உலக எண்ணெய்ச் சந்தைக்குப் புறம்பானதன்று. உலகின் சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் உற்பத்தி செய்துவந்த உக்ரேனும் உருசியாவும் 2022இல் போரில் இறங்கியபோது, உணவெண்ணெய் விலைகள் எங்கும் ஏறின. அந்நியச் செலாவணி வற்றிய இலங்கையில் அச்சுமை கூலியாளரின் அடுப்படியிலேயே முதலில் இறங்கியது.

அக்கூலியாளர் யாவர்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். அவர்களுட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். அகதி முகாம்கள் அமைந்த இடங்களுள் ஆலங்குடாவும் ஒன்று. சொந்தக் காணியில் பயிர்செய்தோர் பலர் பிறர் தோட்டங்களில் நாட்கூலிகளாயினர். 2009இன் பின் திரும்பிச் சென்றோரை எதிர்கொண்டவை காடாகிப்போன காணிகளும் உறுதிச் சிக்கல்களுமே.

இவ்வெளியேற்றம் தமிழின் பெயரால் நிகழ்ந்தது. எனவே அதனைப் பேசும் கடப்பாடு தமிழாய்வாளராகிய நமக்கு உண்டு. மோசிகீரனார் பாழூர் நெருஞ்சியைக் கண்டார். வறியோரின் வெற்றுக்கலத்தையும் கண்டார். ஊர் பாழானமைக்குக் காரணம் யாது, நிலம் எவர் கைக்குச் சென்றது என வினவுவது நமது காலத்தின் பணியாகும். அவ்வினா ஆலங்குடாவில் இன்னும் விடைபெறவில்லை.